இடது கை பேஸ் கிடார் விற்பனைக்கு

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "சி.என்.சி. பத்தி எழுது, சோலார் பத்தி எழுது" என்று ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். அவையெல்லாம் நம் லைப்ரரிப் புத்தகங்களிலேயே இருக்கின்றன. நான் எழுதப் போவது 2023 ஐப்பசியில் ஒரு பேஸ் கிடாரை விற்கப் போய் நான் படித்த பாடம். இதில் மெக்கானிக்கலும் உண்டு, எலக்ட்ரானிக்ஸும் உண்டு, எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங்கும் உண்டு.

முதலில் பேஸ் கிடார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் நான்குதான், ஆனால் நன்றாகத் தடித்தவை. இளையராஜா பாடல்களில் பாட்டுக்கு அடியில் நெஞ்சை இடித்துக்கொண்டு ஒரு ஒலி ஓடுமே, அதுதான். கம்பிகளின் அதிர்வெண் கீழிருந்து 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ஃப்ரெட் வைத்த பேஸை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன் பெரும்பாலும் ஆள் உயர டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது, விரல் கொஞ்சம் தள்ளினாலும் சுருதி போய்விடும். ஃப்ரெட் என்பது நம் வீணையின் மெட்டு மாதிரி. சுருதி துல்லியமாக விழுந்ததால் அந்தப் பேஸுக்கு 'ப்ரிசிஷன்' என்றே பெயர் வைத்தார். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். படித்தது அக்கவுண்டன்சி. கிடார் வாசிக்கவே தெரியாதாம்! இ.சி.இ. நண்பர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

என் அண்ணன் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தான். அவனுக்கு இடது கைப் பழக்கம். இடது கைக்காரருக்குக் கடையில் பேஸ் கிடைப்பது லேசில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் இடது கைக்காரர்தான். 1961-ல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் கம்பெனியின் வயலின் வடிவ பேஸை அவர் வாங்கியதற்கு ஒரு காரணம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பது. அண்ணன் அந்த வழிக்குப் போகவில்லை. 2018-ல் ஒரு ஆசாரியிடம் சொல்லி, தன் கைக்கு அளவெடுத்துப் பலா மரத்தில் செய்யச் சொன்னான். வீணைக்கு ஆகிற மரம் கிடாருக்கு ஆகாதா என்பது அவன் வாதம். பிக்கப், பிரிட்ஜ், சாவிகள், ட்ரஸ் ராடு போட்ட நெக் எல்லாம் தனித்தனியாக வாங்கியது. ஆசாரி கூலி, பாலீஷ் எல்லாம் சேர்த்து ரூ.38,400/-. அதில் இருபதாயிரம் அம்மாவின் செயினை பேங்கில் வைத்து வாங்கியது.

2020-ல் கொரோனா. திருவிழா இல்லை, கச்சேரி இல்லை. 2021-ல் அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். பேஸ் பீரோ மேல் ஏறியது. அம்மா வருடா வருடம் வட்டி கட்டி, செயினைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். 2023-ல் அண்ணனே போனில் சொன்னான்: "வித்துருடா. அம்மா கழுத்து எத்தனை வருஷம் வெறுமையா இருக்கும்? ஆனா வித்த அன்னிக்கு எனக்கு போட்டோ அனுப்பாத."

என்ன விலை சொல்வது? நமக்குத்தான் தேய்மானம் கணக்கிடத் தெரியுமே! ஆயுள் 10 வருடம், கடைசியில் கழிவு விலை ரூ.4,000 என்று வைத்தேன். 38,400-ல் 4,000 போக 34,400. வருடத்துக்கு 3,440. ஐந்து வருடத்துக்கு 17,200 கழித்தால் மீதி 21,200. எனக்கு மனசு வரவில்லை. 'ஸ்பெஷலாகச் செய்தது' என்று ரூ.30,000 சொன்னேன்.

மதுரையில் இரண்டு மூன்று இசைக் கருவிக் கடைகளில் விசாரித்தேன். எல்லாரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: "கம்பெனி பேரு இல்ல, அதுவும் லெஃப்ட் ஹேண்டு. வச்சிட்டுப் போங்க தம்பி, வித்தா தர்றோம்." அப்போதுதான் உறைத்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை தைத்துக்கொண்டவனுக்குத்தான் கச்சிதம். அண்ணன் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிய ஒவ்வொரு விசேஷமும் வாங்க வருகிறவனுக்கு ஒரு குறை. பலா மரம்? ஐந்து கிலோவுக்கு மேல் கனம், தோள் கழன்றுவிடும். இடது கை? உலகத்தில் சுமார் பத்தில் ஒருவர்தான் இடது கைக்காரர். அதில் பேஸ் வாசிக்கிறவர் எத்தனை பேர்? கம்பியைத் திருப்பிப் போட்டு வலது கைக்கு வாசிக்கலாமே என்றால், நட்டில் தடித்த கம்பிக்கு வெட்டிய காடியில் மெல்லிய கம்பி ஆடும், உடம்பில் கை நுழைய வெட்டிய வளைவும் எதிர்ப் பக்கம் போய்விடும். தேய்மான ஃபார்முலா, வாங்க ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு போட்ட கணக்கு. அந்த ஆளைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

சரி, விற்கிற பொருளை முதலில் சரிபார்ப்போம் என்று இறங்கினேன். இதெல்லாம் பழைய கிடார் வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

ஃப்ரெட் இடைவெளி: இந்தப் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 48.47 மி.மீ.; நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் அங்கே. மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படிப் போனால் 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 431.8 மி.மீ.-ல் வந்து விழும். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து அளந்து குறித்தால் 0.2 மி.மீ. பிழைகூட 12-வதில் 2.4 மி.மீ. ஆகிவிடும். டிராயிங் வகுப்பில் செயின் டைமென்ஷன் வேண்டாம், ஒரே டேட்டத்திலிருந்து அளவு கொடு என்று திட்டுவார்களே, அது இதற்குத்தான். எங்கள் நெக்கில் நட்டிலிருந்தே அளந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

இரைச்சல்: பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய காயில். எஃகுக் கம்பி அதன் மேல் அதிர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் சேர்த்துப் பிடிக்கும். தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். ஆக, ஹம் கேட்டால் யாரோ அந்தச் சுரத்தைக் கொஞ்சம் ஏற்றி ஓயாமல் வாசிப்பது போல இருக்கும். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைய வேண்டும். எங்களுடையதில் குறையவில்லை. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரில் டிரை சோல்டர். வைத்து ஊதினேன், சரியாகிவிட்டது.

கடைசியில் நெக். நான்கு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவிசை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்தால் நெக் முன்பக்கம் வளையும். அதை எதிர்த்து இழுக்கத்தான் உள்ளே ட்ரஸ் ராடு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கு அடியில் ஃபீலர் கேஜ் விட வேண்டும். 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. எனக்கு 0.8 வந்தது. ஆலன் கீ போட்டு இறுக்கினேன். 5 மி.மீ. நுழையவில்லை, 4.5 நுழைந்தது. கொஞ்சம் ஆடியது. ஆடுகிறதே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அது 3/16 அங்குல நட்டு, 4.76 மி.மீ.! முக்கால் சுற்று வந்து 0.35-ல் நின்றது. அடுத்த அழுத்தில் 'கரக்' என்றது. நட்டின் உள் மூலைகள் வழித்துக்கொண்டு போய்விட்டன. இனி இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்தவன் செய்த வேலை இது.

மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, இரண்டு ஸ்க்ரூ. மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

திருச்சியிலிருந்து ஒரு கச்சேரிக்காரர் வந்தார். இடது கைக்காரர். அரை மணி நேரம் வாசித்தார். கனத்தைக்கூடக் குறை சொல்லவில்லை. "இருபத்தாறு தர்றேன் தம்பி" என்று நோட்டை எண்ண ஆரம்பித்தார். உள்ளே அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பங்குனி ஞாபகம் வந்தது. வெயிலில் மரம் காயும். இறுக்கிய ராடு இறுக்கியபடியே நிற்க, நெக் பின்பக்கம் வளையும். கம்பி ஃப்ரெட்டில் உரசி விர்ரென்று அடிக்கும். திருவிழா சீசனில் மேடையில் நின்று இந்த மனுஷன் என்ன செய்வார்? சொல்லிவிட்டேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "இதை போன்லயே சொல்லியிருந்தா பஸ் சார்ஜாவது மிஞ்சியிருக்கும்ல?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காபி ஆறிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிய செய்தியில் குறையை முதல் வரியிலேயே போட்டேன்: 'ட்ரஸ் ராடு நட் வழித்தது, கனம் அதிகம், இடது கைக்கு மட்டும்.' மூன்று வாரம் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு திண்டுக்கல்லிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் பேசினார். பதினொன்றாவது படிக்கும் அவர் பெண், சர்ச்சில் வாசிக்கிறாள், இடது கை. இரண்டு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, நான் உட்கார்ந்துதான் வாசிப்பேன், வெயிட்டு பிரச்சினை இல்ல" என்றாள். அவ்வளவு நாள் வலது கை கிடாரைத் தலைகீழாகப் பிடித்துப் பழகியிருக்கிறாள். இந்தப் பேஸில் கை தானாகப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். சார் பதினெட்டு என்றார், நான் இருபத்திரண்டு என்றேன். ரூ.19,500-ல் முடிந்தது. நட்டு மாற்றித் தருவது என் பொறுப்பு என்று நானாகவே சொன்னேன்.

பேங்க் கணக்குக்கு ஐந்நூறும் அந்த வருட வட்டியும் குறைந்தது. என் மெஸ் பணத்தில் போட்டேன். தை பிறப்பதற்குள் செயின் வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குப் போட்டோ அனுப்பவில்லை. அவனே கூப்பிட்டு, "யாரு வாங்குனா, நல்லா வாசிக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

பழைய நட்டுக்குள் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டைத் தட்டி இறக்கினால் பிடித்துக்கொண்டு கழன்று வரும் என்று ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். புதிய நட்டுக்குப் பித்தளை ராடு வாங்கி, லேத்தில் வெளி விட்டம் கடைந்து வைத்துவிட்டேன். உள்மறை 10-32. நம் ஒர்க்ஷாப்பில் இருப்பதெல்லாம் மெட்ரிக் டேப். உங்களில் யார் வீட்டிலாவது, மாமா சித்தப்பா பட்டறையிலாவது 10-32 டேப் இருந்தால், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் 'பி' பிரிவில் வந்து சொல்லுங்கள். பங்குனிக்கு முன்னால் வேண்டும்.