‘ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு!’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை முழுசாகக் காலி பண்ணினேன். சாதாரண சிங்கிள் டோர்தான். உள்ளே இருந்ததை எடுத்து அடுக்க சாப்பாட்டு மேஜை போதவில்லை. மூன்று எவர்சில்வர் டப்பாக்களில் மூன்று வெவ்வேறு நாள் வைத்த வத்தக்குழம்பு. பீட்சாவோடு வந்த சாஸ் பாக்கெட்டுகள் பதினேழு. கல்லாகிப்போன அரை மூடி எலுமிச்சை, அதைத் தேடிக் கிடைக்காமல் நறுக்கிய இன்னொரு எலுமிச்சையின் மிச்சப் பாதி. வாழையிலைக்குள் பழுப்பேறிய மல்லிகைப்பூ. டார்ச் பேட்டரி இரண்டு. அவை ஏன் அங்கே இருந்தன என்பதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

குழம்பை சிங்க்கில் கொட்டப் போனபோது அத்தை குறுக்கே வந்தார். “ஏம்மா, அதைப் போய்க் கொட்டறே? ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு!”

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட உணவு விரயக் கணக்கின்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. தோல், கொட்டை, எலும்பெல்லாம் சேர்த்த கணக்குதான். அப்படியே இருந்தாலும் நாலு பேர் உள்ள வீட்டில் 220 கிலோ. ஃப்ரிட்ஜைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களுக்கும் அந்தக் குப்பையில் பங்கு உண்டு.

“ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாது”

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, சோம்பேறியாக்குகிறது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், இட்லி மாவு போதும். திங்கட்கிழமை அரைத்த மாவு செவ்வாயன்று இட்லி, வியாழனன்று தோசை, ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் தூவி மறைக்க வேண்டிய ஊத்தப்பம். மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக்கள் உள்ளே போன பிறகும் மெதுவாக வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. மாவைப் பொறுத்தவரை அது ஓரளவு நல்லதும்கூட. அந்தப் புளிப்பு வேறு பல கிருமிகளை அண்டவிடாது. தேங்காய்ச் சட்னிக்கும் பாசிப்பருப்புக் கூட்டுக்கும் அப்படி ஒரு காவல் கிடையாது. நாலு நாள் சட்னியை நாலு நாள் மாவோடு ஒப்பிடக் கூடாது.

சமைத்த மிச்சத்துக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கெடு 3 முதல் 4 நாள், அதுவும் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழேயோ இருந்தால். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிருமிகளின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் நிறைய கிருமிகள் சாகாமல் உறங்கும். வெளியே எடுத்து இளகவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

“சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும்”

இதை நம்பாத வீட்டை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இரவு சாம்பார் ‘ஆறட்டும்’ என்று மேடையிலேயே இருக்கும். சீரியல் முடியும், விளக்கு அணையும், சாம்பார் அங்கேயே இருக்கும். காலையில் காபி போட வரும்போதுதான் நினைவு வரும். அவசரமாக ஒரு கொதி விட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவோம்.

கிருமிகளுக்குப் பிடித்த வெப்பம் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்குள் உணவு 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அவர்களுக்கு அது விதிவிலக்கு. சித்திரை, வைகாசியில் நம் ஊர் அடுப்படிக்கு அதுவே தினசரி நிலவரம்.

சோற்றில் இது இன்னும் மோசம். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாக்குப்பிடிக்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுநாள் தாளித்தாலும் வறுத்தாலும் அழியாது. ‘நல்லா சூடு பண்ணிட்டேன்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. (பழைய சோறு வேறு கணக்கு. அங்கே ஊற்றிய நீரில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு புளிப்பேற்றிவிடுகின்றன.)

அத்தை சொல்வதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டான் சாம்பாரை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும். ஆவி படிந்து ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாகும். கம்ப்ரசர் கூடுதலாக ஓடும். ஆனால் இயந்திரம் பழுதாகிவிடாது. அந்தக் குண்டானின் நடுப்பகுதிதான் மணிக்கணக்காக ஆறாமல் இருக்கும், சிக்கல் அதுதான். அம்மா குழந்தைக்குப் பால் ஆற்றுகிற முறை இதற்கும் சரிப்படும்: அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அதில் வைத்துக் கரண்டியால் கிளறுவது. பிறகு இரண்டு மூன்று தட்டையான டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடலாம். முழுசாக ஆறிச் சில்லிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் குழம்பைத் தினம் கொதிக்கவிட்டுச் சுண்டக்குழம்பாக்கினார்களே என்று கேட்கலாம். அது புளி போட்ட குழம்பு; சுண்டச் சுண்ட நீர் குறைந்து புளிப்பும் உப்பும் ஏறும். கூட்டை யாரும் அப்படிச் சுண்டவைத்து நாலு நாள் வைத்துக்கொண்டதில்லை.

“பாலுக்கு இடம் கதவுதான்”

இருநூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, இடத்துக்கு ஓர் இரவாக நகர்த்திப் பார்த்தேன். ஃப்ரீசருக்கு நேர் கீழேயுள்ள தட்டில் 2 டிகிரி. நடுத்தட்டில் 5. காய்கறிப் பெட்டியில் 8. கதவில் 10. கதவு திறக்கும்போதெல்லாம் அடுப்படிக் காற்று முதலில் மோதுவது அங்கேதான். பால் பாக்கெட்டை நிறுத்திவைக்க வசதியாக இருக்கிறதென்று அந்த இடத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தோம்! இப்போது பாலும் மீனும் மேல்தட்டில், மீன் மட்டும் நீர் கசியாத மூடி போட்ட டப்பாவில். கதவில் ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கீழ்த்தட்டுதான் அதிகக் குளிர் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஃப்ரிட்ஜுக்கு அது சரியாக இருக்கலாம். நம் சிங்கிள் டோரில் குளிர் பிறப்பதே மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டியில். அதை ஒட்டிய தட்டுதான் குளிர் அதிகம். டபுள் டோரில் காற்று வரும் துளைகளைப் பொறுத்து மாறும். அந்தத் துளைகளை மாவுப் பாத்திரத்தால் அடைத்து வைத்துவிட்டு ‘கூலிங்கே இல்லை’ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் நடக்கிறது.

இன்னொன்று: உள்ளே திருகும் குமிழில் உள்ள 1, 2, 3 என்பவை டிகிரி கணக்கில்லை. எண் ஏற ஏறக் குளிர் கூடும். எங்கள் வீட்டில் ‘4 டிகிரில வெச்சாச்சு’ என்று பத்து வருஷமாக நிம்மதியாக இருந்தோம்.

“காய்கறி, பழம் எல்லாமே உள்ளேதான்”

வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். உள்ளே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் தோலைப் பார்த்துவிட்டு யாரும் தொடமாட்டார்கள், கடைசியில் குப்பைக்குத்தான். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாகும். வறுவல் வேகும் முன்பே கறுத்துவிடும். தக்காளியின் மணத்தைக் குளிர் குலைப்பதை ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் மரபணு அளவில் காட்டினார்கள். வெளியே எடுத்து வைத்தாலும் போன மணம் முழுசாகத் திரும்புவதில்லை. பச்சடிக்கு இது பெரிய விஷயம். ரசத்துக்குப் பெருங்காயமும் மிளகும் இருக்கின்றன. நன்றாகப் பழுத்த தக்காளியை அழுகவிடுவதற்குப் பதில் உள்ளே வைப்பதே மேல் என்பது என் கட்சி.

பழுத்த மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அதோடு ஒரே பெட்டியில் கிடந்தால் கீரை மஞ்சளாகும், வெள்ளரி தளரும், கேரட் கசக்கும். கொத்தமல்லியை வாங்கியதும் அலசி ஈரத்தோடு பையில் கட்டினால் மூன்றாம் நாள் கறுப்புக் கூழ். ஈரம் போகத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்; அலசுவது சமைக்கும்போது.

“முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்”

பாதிதான் தெரியும். நாற்றம், நூல் விடுதல், பூஞ்சை எல்லாம் உணவு கெட்டதன் அடையாளம். நோய் தரும் கிருமிகள் பல நேரம் வாசனையோ ருசியோ மாறாமல் உட்கார்ந்திருக்கும். எப்போது சமைத்தது என்ற கேள்விக்குப் பதில் மூக்கிடம் கிடையாது.

நறுக்கிய வெங்காயம் காற்றிலுள்ள கிருமிகளை உறிஞ்சி விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் எச்சரிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. மூடி போட்ட டப்பாவில் வைத்துச் சில நாளுக்குள் தீர்த்துவிடலாம். மூடாவிட்டால் பாலெல்லாம் வெங்காய வாடை, அதுதான் நஷ்டம்.

“ஐஸ் இருந்தால் எல்லாம் பத்திரம்”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் இருந்தது. மீனும் கல்லாக இருந்தது. இடையில் ஒருமுறை முழுக்க இளகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருந்தால்? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் இருந்தால் மீனைத் தூக்கிப் போடலாம். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும் என்பார்கள். அது தனிக் கதவுள்ள பெரிய ஃப்ரீசருக்கு. சிங்கிள் டோரின் சின்னப் பெட்டியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

“பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் இடநெருக்கடி தீரும்”

தீராது, நெருக்கடியும் சேர்ந்து பெரிதாகும். ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் கூடை செட்டும் அப்படித்தான். நானே ஒன்று வாங்கினேன், இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது, ஃப்ரிட்ஜுக்கு வெளியே.

எங்கள் மூன்று வத்தக்குழம்புகளுக்குக் காரணம் இடமில்லாதது இல்லை. எவர்சில்வர். உள்ளே இருப்பது தெரியாத டப்பா, அதன்மேல் இன்னொரு டப்பா, முன்னால் மாவுப் பாத்திரம். பின்வரிசைக்குப் போன எதுவும் எங்கள் வீட்டில் உயிரோடு திரும்பியதில்லை. பாத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை, எவர்சில்வர் சீக்கிரம் குளிரும், மஞ்சள் கறை ஏறாது. நான் மாற்றியது இரண்டே விஷயம். கண் மட்டத்துத் தட்டில் முன்பக்கம் ஒரு ட்ரே: மிச்சம் எதுவானாலும் அதில் மட்டும்தான், ட்ரே நிரம்பியிருந்தால் அன்று புதுக்குழம்பு கிடையாது. மற்றது, தேதி.

இந்தத் தேதி விஷயத்தில்தான் அத்தைக்கும் எனக்கும் வாக்குவாதம். ‘நமக்கே தெரியாதா எப்ப வெச்சோம்னு?’ என்றார். தெரியாது என்பதற்கு மேஜையில் மூன்று சாட்சிகள் இருந்தன. பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் ஒன்றும் பேனாவும் ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்தேன். முதல் வாரம் நான் மட்டும் எழுதினேன். இரண்டாவது வாரம் புதன்கிழமை ட்ரேயில் ஒரு சம்படம். மூடியில் அத்தையின் சாய்ந்த கையெழுத்தில் ‘ரசம், செவ்வா ராத்திரி’. டேப் ஓரத்துக்குக் கீழே பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பொறித்த பழைய எழுத்து பாதி தெரிந்தது: ‘காதணி விழா, 12.6.1987’.