சுவாமியார் எதற்குச் சட்டம் படிக்கிறார்?



"பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் குருப்பட்டம் போதாதா? மேற்றிராணியார் ஒரு சுவாமியாரைச் சட்டம் படிக்க அனுப்புவானேன்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

திருச்சபைக்கும் சட்டம் உண்டு. வெகுகாலம் சிதறிக் கிடந்த விதிகளை 1917-ல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் ஒரே நூலாக வெளியிட்டார். இப்போது நம்மை ஆளுவது 1983-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தந்த நூல். அதில் 1752 விதிகள். கீழைத் திருச்சபைகளுக்கு 1990-ல் தனி நூல் வெளியாயிற்று. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துச் சீரோ-மலபார் குடும்பத்தில் நம் பிள்ளை சம்பந்தம் செய்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். அக்கலியாணத்தைத் தியாக்கோன் நடத்தி வைத்தால் செல்லாது. குருவானவரே நடத்த வேண்டும்.

இச்சட்டத்தைக் கற்பிக்கும் பீடங்கள் உலகில் சொற்பம். பெல்ஜியம் தேசத்து லூவேன் சர்வகலாசாலையைப் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் 1425-ல் ஸ்தாபித்தபோதே அங்கே திருச்சபைச் சட்டப் பீடமும் அமைந்தது. இன்றும் அது சிறிய பீடமே. ஆயினும் பல கண்டத்தாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறார்கள். நமக்குச் சமீபத்தில் பெங்களூர் அர்ச். இராயப்பர் பாப்பிறைக் கல்வி நிலையம் இருக்கிறது. சட்டத்தின் மூலம் இலத்தீன் பாஷையில் இருப்பதால் அதையும் பழக வேண்டும். லிசென்சியேட் பட்டத்துக்கு இரண்டு வருஷமாயிருந்த படிப்பை ரோமாபுரி 2002-ல் மூன்று வருஷமாக்கிற்று. குருக்கள் மட்டுமல்ல, கன்னியரும் இல்லறத்தாரும் படிக்கலாம்.

இத்தனை பிரயாசை எதற்கு? நம் ஊரில் தறி வேலைக்குப் போகும் ஒரு சகோதரியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் மிரட்டிச் சம்மதிக்க வைத்த கலியாணம். சில மாதங்களில் கணவன் விட்டுப் போனான். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அவள் நன்மை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு சங்கதிகளை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதலாவது, கைவிடப்பட்டது அவள் பாவமன்று. மறுமணம் செய்யாமல் வாழும் அவள் தக்க ஆயத்தத்தோடு நன்மை வாங்கத் தடையில்லை. இரண்டாவது, கடும் பயமுறுத்தலுக்கு உட்பட்டுக் கொடுத்த சம்மதத்தால் விவாகம் உண்டாகாது என்பது 1103-ம் விதி. ஆகையால் அவள் மேற்றிராசன நீதிமன்றத்தை நாடலாம்.

அந்த நீதிமன்றம் மெய்விவாகத்தை முறிப்பதில்லை. தொடக்கத்திலேயே மெய்விவாகம் இருந்ததா என்றே ஆராய்கிறது. சாட்சிகள் விசாரிக்கப்படுவார்கள். விவாகம் செல்லும் என்பதற்குரிய நியாயங்களை எடுத்துரைக்கவும் ஒருவர் நியமிக்கப்படுவார். சட்டம் படித்தவர் இல்லாவிட்டால் இந்த வேலை தேங்கும். அவள் காத்தே கிடப்பாள். முன்பு இரண்டு நீதிமன்றங்கள் ஒத்த தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரே தீர்ப்பு போதும் என்றாக்கினார். முதல் விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் நீளலாகாது என்பதும் விதி.

ஒன்றை மறவாதீர்கள். திருச்சபைத் தீர்ப்பு அரசாங்க விவாகரத்துக்கு ஈடாகாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதற்கு அரசாங்கக் கோர்ட்டையே அணுக வேண்டும்.

திருச்சபைச் சட்டநூலின் கடைசி விதி ஆத்தும இரட்சணியத்தையே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து முடிகிறது. சுவாமியார் படிப்பது அதற்காகவே. உங்கள் தெருவில் அப்படிப்பட்ட சகோதரி ஒருத்தி கோவிலின் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கக் கூடும். அவளைப் பற்றிப் பேசுவதை விட்டு, அவளிடம் பேசுங்கள். ஞானஸ்நானச் சான்றையும் விவாகச் சான்றையும் எடுத்துக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் வரச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் நீங்களே துணைக்கு வாருங்கள்.