உழவுச் சங்கத்தில் அங்கத்துவம் இலாபந் தருமா?
அட்சரகணிதத்தால் அறியும் முறை

சொந்த உழவு இயந்திரம் இல்லாத கமக்காரர் தம் வயலை வாடகைக்கு உழுவித்தல் வழக்கம். அங்கத்தவருக்குக் குறைந்த கட்டணத்தில் உழுது கொடுக்குஞ் சங்கங்கள் அதற்கென ஆண்டுச் சந்தா அறவிடுவதுண்டு. கட்டணக் குறைவை மாத்திரங் கருதிச் சேர்வோர் சிலவேளை நட்டமடைவர். ஆதலால் சேருமுன் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

உதாரணமாக, ஓர் ஏக்கர் உழுவதற்கு வெளியார் கட்டணம் ரூபா 12,000, அங்கத்தவர் கட்டணம் ரூபா 11,000, ஆண்டுச் சந்தா ரூபா 2,500 எனக் கொள்வோம். ஓராண்டில் உழப்படும் ஏக்கர்த் தொகையை 'ய' என்க.

வெளியாரைக் கொண்டு உழுவித்தாற் செலவு: 12,000ய
அங்கத்தவராயிற் செலவு: 11,000ய + 2,500

இரண்டுஞ் சமமாகும்போது,
12,000ய = 11,000ய + 2,500
1,000ய = 2,500
ய = 2½

எனவே 2½ ஏக்கருக்கு மேற்பட உழுவிப்பவருக்கே இலாபமுண்டு. அதனிற் குறைந்தால் நட்டமாகும்.

இங்கு 'ய' என்பது உறுதியிற் காணப்படும் காணியின் அளவன்று; இரு போகங்களிலும் உண்மையாக உழப்படும் நிலத்தின் கூட்டுத்தொகையாகும். குளத்தின்கீழ் 1½ ஏக்கர் வயலுடையவர் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் முழுவதையும் விதைப்பின் ய = 3; ரூபா 500 மிஞ்சும். குளத்தில் நீரின்றிச் சிறுபோகம் கைவிடப்படின் ய = 1½; ரூபா 1,000 நட்டமாகும். ஆகவே, மூன்றாண்டுக்கொருமுறை சிறுபோகந் தவறும் இடத்தில், இரு நல்ல ஆண்டுகளின் மிச்சம் முழுவதும் அவ்வோராண்டிற் போய்விடும்.

தத்தம் ஊர்க் கட்டணங்களைக் கொண்டு கணக்கிடும் முறை:

1. வெளியார் கட்டணத்திலிருந்து அங்கத்தவர் கட்டணத்தைக் கழிக்க.
2. வந்த மீதியால் ஆண்டுச் சந்தாவைப் பிரிக்க. கிடைப்பதே சமநிலை ஏக்கராகும்.
3. கடந்த சில ஆண்டுகளில் உழுத ஏக்கர்களின் சராசரியை அதனோடு ஒப்பிடுக.

சங்கத்தை விட்டு நீங்கும்போது திரும்பக் கிடைக்கும் பங்குப்பணத்தைச் சந்தாவுடன் சேர்த்தலாகாது. திரும்பக் கிடையாத பணம் எதுவாயினும் அதனைச் செலவிற் சேர்த்தல் வேண்டும். மழை தொடங்கியதும் இயந்திரம் உரிய நாளிற் கிடைக்குமா என்பதையும் விசாரித்தறிக. உழவு பிந்தின் விதைப்பும் பிந்தும். கட்டணமோ சந்தாவோ மாறுந்தோறும் இக்கணக்கை மீண்டுஞ் செய்து பார்த்தல் நன்று.