வளர்ற பிள்ளைக்கு ஹெல்மெட்டை மட்டும் பெரிசா வாங்காதீங்க

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பையன், ரெண்டு இன்ச் சேர்த்தே தைங்கண்ணே" என்று டெய்லரிடம் சொல்லிவிடுவோம். ஷூ ஒரு சைஸ் பெரிது. முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்தால் போச்சு. சிக்கனமான, நல்ல வழக்கம்தான்.

அக்கா மகனுக்கு சைக்கிள் ஹெல்மெட் வாங்கப் போனபோது நானும் அதையே செய்தேன். அவனுக்கு எட்டு வயது. சரியாகப் பொருந்திய ஹெல்மெட்டை வைத்துவிட்டு, அதற்கு அடுத்த சைஸை எடுத்தேன். கடைக்காரரும் "ரெண்டு மூணு வருஷம் வரும் மேடம்" என்றார். மூன்றாவது வாரம், தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சைக்கிள் சறுக்கிக் குப்புற விழுந்தான். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, வாரும் மாட்டியிருந்தது. ஆனால் விழுந்த வேகத்தில் அது பின்னந்தலைக்கு நழுவிவிட்டது. நெற்றியில் நான்கு தையல். அதோடு போனது எங்கள் நல்ல நேரம்.

ஒரு ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சைக்கிள் ஹெல்மெட்டின் வெளியே இருக்கும் பளபள பிளாஸ்டிக் ஒரு மெல்லிய ஓடு. உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் கெட்டியான நுரை. புது டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மாகோல் வகைதான். தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்கும் அந்தக் கணத்தில் மோதலின் வேகம் குறைந்து, தலைக்குப் போய்ச் சேரும் அதிர்ச்சியும் குறைகிறது. ஆனால் நுரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நெற்றி தரையில் படும்போது ஹெல்மெட் பிடரியில் இருந்தால், அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொன்று. நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். தம்பி, தங்கைக்குக் கொடுத்துவிடவும் கூடாது.

முதலில் தலையை அளந்துவிடுங்கள்

கடைக்கோ, ஆன்லைனுக்கோ போவதற்கு முன் வீட்டிலேயே இன்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். டேப் இல்லையா? ஒரு ரிப்பன் போதும், பிறகு ஸ்கேலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாக, பின்னந்தலையில் புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டுச் சுற்ற வேண்டும். வரும் அளவைச் செ.மீ.யில் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் 'எம்' இன்னொரு நிறுவனத்தின் 'எஸ்' ஆக இருக்கும். அதனால் எழுத்தைப் பார்த்து வாங்காமல், ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் செ.மீ. அளவைப் பாருங்கள். '52–56' என்று போட்டிருந்து, உங்கள் பிள்ளையின் தலை 53 என்றால் சரி. 51 என்றால் பின்னால் இருக்கும் திருகை எவ்வளவு முறுக்கினாலும் சரிப்படாது.

ஒரே சுற்றளவு உள்ள இரண்டு தலைகள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு வட்டமான தலை, சிலருக்கு முன்பின் நீண்ட தலை. போட்டுப் பார்க்கும்போது நெற்றியில் அழுத்தி, பக்கவாட்டில் காலியாக இருந்தால், அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்கு அதிக வட்டம். பொட்டுகளில் நெருக்கி, முன்னும் பின்னும் ஆடினால், அது அதிக நீளம். இரண்டுக்கும் சைஸ் மாற்றிப் பயனில்லை, மாடலைத்தான் மாற்ற வேண்டும். "போகப் போக சரியாயிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு கொஞ்சம் படியும், தெர்மாகோல் படியாது.

கடையில் பத்து நிமிடம்

ஹெல்மெட்டைத் தலையில் சமமாக வையுங்கள், தொப்பி மாதிரி பின்னால் சாய்க்க வேண்டாம். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. நம் ஊரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள், பலரது ஹெல்மெட் உச்சந்தலையில்தான் உட்கார்ந்திருக்கும். முன்னெற்றி முழுக்க வெளியே.

அடுத்து பின்பக்கத் திருகை, இறுக்கமாக ஆனால் வலிக்காமல் முறுக்குங்கள். பக்கவாட்டு வார்கள் இரண்டும் காதைச் சுற்றி வந்து, காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடை வாரைப் பூட்டியபின் உள்ளே ஒரு விரல், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் நுழையலாம். இப்போது பிள்ளையை வாயை அகலத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையைக் கீழ்நோக்கி அழுத்துவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வார் தளர்வு.

கடைசிச் சோதனைதான் முக்கியம், அன்று நான் செய்யத் தவறியதும் இதைத்தான். உள்ளங்கையை ஹெல்மெட்டின் முன்விளிம்பில் வைத்து மேலே, பின்னே தள்ளிப் பாருங்கள். நெற்றி வெளியே தெரிகிற அளவுக்கு நகர்ந்தால் அதை வாங்காதீர்கள். பிறகு பத்து நிமிடம் கழற்றாமல் கடையிலேயே இருக்கட்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழற்றும்போது நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்திருந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். அசௌகரியமான ஹெல்மெட் ஒரு வாரத்தில் ஹேண்டில்பாரில் தொங்க ஆரம்பித்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு எப்படித் தலை பின்னிப் போவாளோ, அதே பின்னலோடு கடைக்கு அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை விரித்த தலையில் பொருந்திய ஹெல்மெட், திங்கட்கிழமை ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையில் பொருந்தாது. உயரமான குதிரைவால், கொண்டை இரண்டும் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். சடையைக் காதுக்குக் கீழே தாழ்த்திப் பின்னி, பூவையும் அதற்குக் கீழே வைத்தால் பிரச்சினை இல்லை. பிளஸ் ஒன்னில் அரசு தரும் விலையில்லா சைக்கிளை வாங்கியதும் பெல், பூட்டு எல்லாம் மாட்டுகிறோம். ஹெல்மெட்டும் அந்தப் பட்டியலில் சேரட்டும்.

நம் வெயிலுக்குக் காற்றுத் துளைகள் நிறைய உள்ளதாகப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசலாம். பெட்ரோல், தின்னர் எதையும் தொடவிடாதீர்கள், நுரை கரைந்துவிடும். மூடிய காருக்குள் வெயிலில் போட்டுவைப்பதும் ஆகாது.

பைக்கில் பின்னால் உட்காரும் பிள்ளைக்கு?

சைக்கிள் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை, அதற்கு அபராதமும் கிடையாது. இருசக்கர மோட்டார் வாகனத்தில் கதை வேறு. 4 வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும், ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது பிரிவு 129. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தனி விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும். இந்த வயதுக்கு மட்டும், இ.என். 1078, இ.என். 1080 போன்ற தரக்குறியீடு உள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் அந்த விதி ஏற்கிறது. சைக்கிளுக்கென்று வாங்கும்போதும் உள்ளே இந்த எண்கள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரியவர்கள் சைக்கிள் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் போகக் கூடாது.

பைக் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாமல் விற்கவே கூடாது. ஆனால் சாலையோரக் கடையில் முத்திரையும் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். இங்கேதான் உங்கள் கையில் இருக்கும் போன் உதவும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் செயலியில் உரிமம் சரிபார்க்கும் பகுதியில் தட்டினால், யாருக்குக் கொடுத்த உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்ற விவரம் வரும். எண்ணே இல்லையென்றாலோ, ஹெல்மெட்டில் ஒரு பெயரும் திரையில் வேறு பெயருமாக இருந்தாலோ, பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் அதே செயலியில் புகார் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். எதற்கும் பில் வேண்டும், ஆகவே கேட்டு வாங்கி, போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை நிறுத்திவிட்டு விளையாடப் போகும் பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். சறுக்குமரத்திலோ, மரக்கிளையிலோ தாடை வார் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். இதை ஒருமுறை சொன்னால் போதாது.

அக்கா மகனுக்குப் புது ஹெல்மெட் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அப்போது தலை 52 செ.மீ., போன வாரம் 53. திருகில் இன்னும் இடம் இருக்கிறது. ஜூனில் சீருடைக்கு அளவு எடுக்கும்போது தலையையும் அளந்துவிடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். டேப்பைப் பிடிக்க மட்டும் என்னை விடமாட்டாளாம்.