சம்பளம் வந்ததும் கார்ட் நிரம்புகிறதா?

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் சாய்ந்ததும் கை தானாக ஷோப்பிக்கும் லசாடாவுக்கும் போகும். அந்த நேரத்தில் பார்க்கலாம், வாங்க வேண்டாம்.

சம்பளத்துக்கு முன்பே ஒரு மாலை அலமாரியைத் திறந்து, சோப்புத்தூள், பேம்பர்ஸ், எண்ணெய், மைலோ என்று குறைவதை மட்டும் எழுதுங்கள். பக்கத்திலேயே போன மாதம் கொடுத்த விலையையும் குறித்து வையுங்கள். 11.11, 12.12 தள்ளுபடி உண்மையா என்பதை அந்தத் தொகையே காட்டிக்கொடுத்துவிடும்.

5 ரிங்கிட் டெலிவரி கட்டணத்தை மிச்சம் பிடிக்க 18 ரிங்கிட்டுக்கு இன்னொரு டப்பா வாங்குவது என்ன கணக்கு? பக்கத்து வீட்டு அக்காவின் பட்டியலையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கடைசியில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாதது அடுத்த சம்பளம் வரை கார்ட்டிலேயே கிடக்கட்டும். பாதிக்கு மேல் நீங்களே அழித்துவிடுவீர்கள்.

‘பிறகு கட்டலாம்’ வசதியை மட்டும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். மளிகைக்குத் தவணை வேண்டாம்.