நேற்றைய உத்தரவு இன்றைய கணக்கை அழிக்கலாம்

வணிகப் பெருமக்களுக்கு ஒரு கேள்வி. "பழைய சரக்கையெல்லாம் எடுத்துவிட்டுக் கடையைக் கழுவி வை" என்று கடைப்பையனிடம் நேற்றுச் சொன்னீர்கள். அவனும் செய்து முடித்தான். இன்று அடுக்கியிருப்பது புதுச் சரக்கு. அவன் நேற்றைய உத்தரவையே மறுபடியும் நிறைவேற்றினால் என்ன ஆகும்? பையன் அப்படிச் செய்யமாட்டான்; கணிப்பொறி செய்துவிடும்.

ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையோ, ஈரோட்டு மஞ்சள் மண்டியோ, பில் போட ஒன்று, கிடங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பல கணிப்பொறிகளைக் கேபிளால் இணைத்திருந்தால், விண்டோஸ் போன்றவற்றை ஒரு சர்வரிலிருந்தே அனைத்திலும் ஏற்றலாம். பி.எக்ஸ்.இ. எனப்படும் இம்முறையை இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் வகுத்தது. நேரம் மிச்சமாகும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

"முதலில் நெட்வொர்க்கைக் கேள்" என்று அமைத்த கணிப்பொறி, ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் சர்வரிடம் "என்ன வேலை?" என்று கேட்கும். பழைய உத்தரவு சர்வரில் நின்றிருந்தால், ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றத் தொடங்கும். மின்சாரம் போய் வந்தாலே இது நடந்துவிடலாம்.

கேபிள் வழியே போகும் ஒரு தவறான உத்தரவு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் சாட்சி. 2014 மே மாதம், விண்டோஸ் 7 ஏற்றும் உத்தரவு அங்கே நிர்வாக சர்வரிலிருந்து தவறுதலாக எல்லா விண்டோஸ் கணிப்பொறிகளுக்கும் போயிற்று. டிஸ்க்கை அழிப்பதுதான் அதன் முதல் வேலை. கவனிப்பதற்குள் உத்தரவு அனுப்பிய சர்வரே அழிந்திருந்தது.

கணிப்பொறி அமைத்துத் தருபவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

1. வேலை முடிந்ததும் பயாஸில் ஹார்ட் டிஸ்க்கை முதலிடத்தில் வைத்து, கடவுச்சொல் போட வேண்டும்.

2. ஹார்ட் டிஸ்க் பழுதானால் கணிப்பொறி மறுபடி நெட்வொர்க்கைத் தேடும். ஆகவே, எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் "சொந்த டிஸ்க்கிலிருந்தே இயங்கு" என்பதுதான் சர்வரின் பதிலாக இருக்க வேண்டும்.

3. ஏற்றும் உத்தரவை, நெட்வொர்க் கார்டின் எண்ணைக் குறித்து ஒரே ஒரு கணிப்பொறிக்கு, ஒரே ஒரு முறைக்கு மட்டும் தர வேண்டும். முடிந்தவுடன் அது தானே ரத்தாக வேண்டும்.

4. தேவையில்லாத நாட்களில் அந்தச் சேவையை நிறுத்தி வைக்க வேண்டும்.

இத்தனை செய்தாலும், அன்றன்றைய கணக்கை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, கழற்றித் தனியே வையுங்கள். இணைப்பில் இருக்கும் நகல் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைக் காக்க வேண்டும். வாடிக்கையாளர் பாக்கியோ நம் கைக்காசு.

உத்தரவு போடத் தெரிந்தால் போதாது. வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறவும் வேண்டும். கடைக்கும் அதுவே, கணிப்பொறிக்கும் அதுவே.