பூட்டிய பெட்டிக்குள் துரு

"பெட்டியோட வாங்குனது, பெட்டியிலேயேதான் வச்சிருக்கேன். அதுக்கு ஒன்னும் ஆகாது." பதுளையிலோ பசறையிலோ டிரில்லும் கிரைண்டரும் வைத்திருக்கிற பாஸ்மாரைக் கேட்டால் முதலில் வருவது இந்தப் பதில்தான். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு கொக்கி, கருவியின் அளவுக்கே வார்த்த பள்ளம். பார்வைக்குப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. மழைக்காலம் முழுக்க மூடியே வைத்துவிட்டுப் பெப்ரவரியில் திறந்தால், டிரில் சக்கின் பல்லிடுக்கில் செம்மண் நிறத்தில் துரு.

பெட்டிக்குள் மழைத்தண்ணீர் போகவில்லை, காற்றுதான் போனது. ஊவாவுக்குப் பெரிய மழை ஒக்டோபரில் இடைப்பருவ மழையாகத் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஜனவரி வரை வருகிறது. அந்த மாதங்களில் இரவுக் குளிரில் இரும்பும் குளிர்ந்து போகும். காலையில் வெயில் ஏறி ஈரக்காற்று சூடானாலும் இரும்பு சீக்கிரம் சூடாகாது. அந்தக் குளிர்ந்த இரும்பின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. மழையே இல்லாத விடியலிலும் லயத்துத் தகரக் கூரையின் உட்பக்கம் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திறந்த மேசையில் கிடக்கும் கருவி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் கிடப்பது காயாது. வேலை முடிந்ததும் துடைக்காமல் வைத்த சிமெந்துத் தூளும் மரத்தூளும் அந்த ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்தே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில், இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்தது, மற்றதில் ஈரத்திரி. இரண்டும் காட்டும் வித்தியாசத்தை வைத்துத்தான் அன்றைய காற்று எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்று பார்க்கிறார்கள். தேயிலைத் தூளைச் சுமார் 3 சதவீத ஈரத்துக்கு இறக்கத் தெரிந்த அதே ஸ்டோரில், பட்டறை அலமாரிக்குள் ஈரம் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. உள்ளங்கையளவு டிஜிட்டல் ஈரமானி ஒன்று போதும். ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஊவாவின் மழை மாதங்களில் அது தாண்டாத நாள்தான் குறைவு.

அதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கருவியைத் துடைத்து, பெட்டிக்கு வெளியே ஆறவிட்டு, மத்தியானத்தில் காய்ந்த பிறகு மூடுங்கள். கச்சான் காற்று ஹற்றன் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து காயப்போடுங்கள். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றும் காற்று அது, டிரில்லுக்கும் நல்லதுதான்.

பெட்டிக்குள் அரிசிப் பொட்டலம் போடுவதும் உண்டு. அரிசி ஈரத்தை ஏதோ கொஞ்சம் இழுக்கும், எலியை நன்றாக இழுக்கும். சிலிக்கா ஜெல் போடுங்கள். அதையும் அவ்வப்போது சூடாக்கிக் காயவைக்காவிட்டால் பயனில்லை.

"அலமாரிக்குள்ள ஒரு பல்ப் எரிஞ்சா துரு வராது" என்று பழைய ஃபிட்டர்கள் சொல்வதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். அது சரியானது. 20 பாகையில் 90 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால், ஈரப்பதன் ஏறக்குறைய 66-க்கு இறங்கிவிடும். ஆனால் அவர்கள் சொன்னது 40 வாட் குண்டு பல்ப். இப்போது அதே இடத்தில் 9 வாட் எல்இடியை மாட்டிவிட்டு, சூடு மிகக் குறைந்த வெளிச்சத்தை நம்பியிருக்கிறார்கள். குண்டு பல்ப் போடுவதென்றால் மரத்தூளும் துணியும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது எண்ணெய். கையில் கிடைப்பது தேங்காயெண்ணெய் என்பதால் அதையே இரும்பில் தடவுகிறார்கள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் காலையில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்துத்தானே தலைக்கே தேய்க்கிறோம்? அதே எண்ணெய் சக்குக்குள் போனால் உறைந்து தூளைப் பிடித்து வைக்கும். நாளானால் சிக்கும் பிடிக்கும். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயில் அதைவிட மோசம். அதில் அமிலமும் இரும்புத் தூளும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் கலந்திருக்கும், தினமும் கையில் படக்கூடிய பொருளில்லை. ஹார்ட்வெயார் கடை நீலப் போத்தல் டபிள்யூடி-40, 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை. நீரை விரட்டுவதுதான் அதன் வேலை, பெயரும் அதைத்தான் சொல்கிறது. நனைந்த கருவிக்கு உடனடி மருந்தாக நல்லது. மாதக்கணக்கில் வைப்பதற்கு, துடைத்த இரும்பின் மேல் மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் நிற்கும். மோட்டாரின் காற்றுத் துளைக்குள் எதுவும் போகக் கூடாது.

அடுப்புக்கு மேலே பரணில் வைத்த இரும்பு துருப்பிடிக்காது என்பதும் உண்மைதான். கத்தி, கோடாரி, உளி எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். பட்டரியை மட்டும் வைக்காதீர்கள். லிதியம் பட்டரிக்குச் சூடு ஆகாது, சூட்டிலேயே கிடந்தால் அதன் கொள்ளளவு வேகமாகத் தேயும். "முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பது பழைய நிக்கல்-காட்மியம் பட்டரிக்குச் சொன்ன பாடம், லிதியத்துக்குப் பொருந்தாது. இறங்கிய நிலையிலேயே நாலைந்து மாதம் போட்டுவைத்தால் உள்ளே உள்ள செல்களின் மின்னழுத்தம் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடும். அதன் பிறகு சார்ஜர் அதை ஏற்கவே மறுக்கும். கரண்ட் எப்போது போகுமோ என்று நூறு சதவீதம் ஏற்றியே வைத்திருப்பதும் நீண்ட நாளைக்கு நல்லதல்ல. நாலு விளக்கு உள்ள பட்டரியில் இரண்டு எரிந்தால் போதும். கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வையுங்கள்.

வயரைக் கருவியின் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது பார்க்க ஒழுங்கு, ஆனால் வயர் கருவிக்குள் நுழையும் இடத்தில் செம்பு நார் ஒவ்வொன்றாக அறுந்து போகும். தளர்ந்த வளையமாகச் சுற்றித் தனியாகத் தொங்கவிடுங்கள்.

இவையெல்லாம் பணத்தோடு போகிற சங்கதிகள். உயிரோடு விளையாடுவது கிரைண்டர் டிஸ்க். "டிஸ்க்கு கல்லு மாதிரி, அது எங்க கெடப் போகுது" என்று ஒரே ஆணியில் எல்லாவற்றையும் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். அது கல்லில்லை, பிசினால் ஒட்டிய தூள். ஈரம் பட்டால் பிசினின் பிடி தளரும். அதனால்தான் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதியாகும் மாதமும் ஆண்டும் அச்சிடுகிறார்கள். உற்பத்தியிலிருந்து பொதுவாக 3 வருடம்தான் ஆயுள். ஆணியில் இன்னொரு ஆபத்தும் தொங்குகிறது. நாலரை இஞ்சி டிஸ்க்குக்கும் ஏழு இஞ்சி டிஸ்க்குக்கும் நடுத்துளை ஒரே அளவு. மேற்காப்பைக் கழற்றிவிட்டால் பெரிய டிஸ்க் சின்ன கிரைண்டரில் அழகாக உட்காரும். விளிம்பு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படிதான் டிஸ்க்கைச் செய்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும் சின்ன கிரைண்டரில் ஏழு இஞ்சி டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு அளவையும் இரண்டு தகர டப்பாவில் பிரித்து, மெல்லிய டிஸ்க்குகளைப் படுக்கை வசத்தில் அடுக்கி, உலர்ந்த தட்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் கிரைண்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றுங்கள். தேதி முடிந்ததை இரண்டாக உடைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து மாட்ட ஓர் ஆள் இருப்பார்.